பின் சீட்டின் பேச்சுரிமை

என் அப்பா பாண்டியராஜன் அரசாங்கத்தின் பக்கம் பேசப் போகிறார் என்றதும், மட்டாஞ்சேரி கொச்சங்காடி வாசகசாலையில் ரெண்டு பேருக்குச் சாயா புரையேறியது. அவர் ஓட்டுவது கார்ப்பரேஷன் குப்பை லாரிதான். ஆனாலும் அரசாங்கம் எதைத் தடுத்தாலும் முதல் எதிர்ப்பு எங்கள் வீட்டில்தான் கிளம்பும். பிளாஸ்டிக் பையைத் தடை செய்தபோது கூடத்தில் கண்டனக் கூட்டமே நடத்தினார். நானும் பூனையும் கலந்துகொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை விவாதத்தின் தலைப்பு, ‘பின் சீட்டுக்கும் ஹெல்மெட்: அவரவர் விருப்பமா, அரசின் கட்டளையா?’ அப்பா கட்டளையின் பக்கம் பேசப் பெயர் கொடுத்துவிட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். மொய்து மாமா கடைக்கு மல்லித்தூள் வாங்கப் போனபோது, உள்ளே அப்பா அவரிடம் மனம் திறந்துகொண்டிருந்தார்.

“மொய்து, பதினெட்டு வருஷம். ஞாயித்துக்கெழம தோறும் பொண்டாட்டியோட அக்கா வீடு. மட்டாஞ்சேரியிலேர்ந்து கலூர் வரைக்கும் என் பிடரிக்குப் பின்னால ஒரே வர்த்தமானம், பேச்சோ பேச்சு. மெல்லப் போங்க, லாரி வருது, ஒதுங்குங்க. இப்ப அவளுக்கும் ஹெல்மெட், எனக்கும் ஹெல்மெட். ஒண்ணும் கேக்கல. வெலிங்டன் தீவு இத்தன அழகுன்னு எனக்கு இப்பதான் தெரியும்.”

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு குரலைக் கேட்டால் அதைப் பேசிப் பார்க்காமல் இருக்க முடியாது. பிளஸ் ஒன் கணக்கு டீச்சர், கலூர் பஸ்ஸில் கிளி என்று கூப்பிடப்படும் கதவுப் பையன், எங்கள் மிக்ஸி, எல்லாம் எனக்கு வரும். சாயங்காலம் அம்மா கப்பைக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அப்பாவை முழுசாகச் செய்து காட்டினேன், வயிற்றைத் தடவுவது உட்பட. அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வெலிங்டன் தீவு வந்ததும் கத்தி நின்றது.

“இது எப்ப சொன்னாரு?” என்றாள்.

மறுநாளே தனியாகப் பஸ் ஏறிக் கலூருக்குப் போய்விட்டு வந்தாள். இனி ஸ்கூட்டரில் ஏறமாட்டேன் என்று என்னிடம் சொல்லி அனுப்பினாள். அப்பா ஒரு அடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அதற்குமேல் ஒரு பேச்சில்லை. முதல் நாள் அப்பா விசிலடித்தார். இரண்டாம் நாள் விசில் நின்றது. மூன்றாம் நாள் மீன்குழம்பில் புளி சரியா என்று பூனையிடம் கேட்டார்.

நான் போட்ட ஒரு வேஷம் வீட்டின் வாயை அடைத்துவிட்டதே. அந்த மூன்று நாளும் யார் குரலையும் நான் எடுக்கவில்லை. தொண்டை அரித்தது.

ஞாயிறு காலை வாசகசாலை நிரம்பிவிட்டது. என் தலை, என் இஷ்டம், நாளைக்கு எந்தப் பக்கம் வகிடு எடுக்கணும் என்றுகூட சர்க்கார் சொல்லுமா என்று எதிரணி கேட்டது. பலத்த கைதட்டல். அப்பா எழுந்து, குடிமகனின் தலை நாட்டின் சொத்து என்றார். கைதட்டியது மொய்து மாமா மட்டும். அவர்தான் தலைவர், தட்டியிருக்கக் கூடாது. பெண்கள் யாராவது பேசுகிறீர்களா என்று அவர் மரியாதைக்குக் கேட்டுவைத்தார்.

அம்மா எழுந்தாள். போச்சு. சபை நடுவே அப்பாவின் மானமும் என் மானமும் ஒரே கப்பலில் ஏறப்போகின்றன என்று நான் பெஞ்சுக்கடியில் குனிந்தேன்.

“எங்க வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி,” என்றாள். “வண்டி சறுக்கினா தலைதான் மொதல்ல அடிபடும். ஹெல்மெட் வேணும்.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆனா சர்க்கார் தலைய மூடத்தான் சொல்லிச்சு. வாய மூடச் சொல்லல. பின் சீட்டில இருக்கறவளோட பேச்சுரிம போனதுல இங்க ஒருத்தருக்கு ரொம்ப சந்தோஷம், கேட்டோ.”

அப்பா ஃபேனை ஆராய்ந்தார். அம்மா கைப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். உள்ளே கறுப்பாக, வடை அளவில் இரண்டு புளூடூத் கருவிகள். கலூரில் வாங்கியது.

“ஒண்ணு உங்க ஹெல்மெட்டுக்கு, ஒண்ணு எனக்கு. நான் பேசினா உங்க காதுக்குள்ளயே கேக்கும்.”

பெண்கள் வரிசை எழுந்து நின்று தட்டியது. மொய்து மாமா இரண்டு அணியும் ஜெயித்ததாக அறிவித்துவிட்டுச் சாயாவுக்கு ஆள் அனுப்பினார்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். தோற்ற ஆளின் முகமாக இல்லை. நாலு நாளில் அம்மா அவரைப் பார்த்துச் சொன்ன முதல் ‘உங்க’ அது.

“இன்னிக்குக் கலூர் போறோம், அல்லே?” என்றார் மெதுவாக.

“பின்ன? அக்கா கப்பயும் மீனும் வெச்சிருக்கா.”

எனக்கு மூச்சு வந்தது. கூடவே மொய்து மாமாவின் குரலும் வந்துவிட்டது. வாசலுக்கு வருவதற்குள் தீர்ப்பை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

அம்மா கருவிகளை இரண்டு ஹெல்மெட்டிலும் பொருத்திவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள். அப்பா ஹெல்மெட்டை மாட்டுமுன் என்னைச் சைகையால் கூப்பிட்டு, பெட்டியிலிருந்த காகிதத்தைத் திணித்தார். சத்தத்தைக் குறைக்கும் பட்டன் எங்கே இருக்கிறது, சீக்கிரம் பார்த்துச் சொல் என்று கிசுகிசுத்தார்.

படித்தேன். இரண்டு கருவிக்கும் சேர்த்துச் சத்தத்துக்கு ஒரே பட்டன்தான்.

“இருக்குப்பா,” என்றேன். “அம்மாவோட ஹெல்மெட்ல.”