கைநழுவ விட்ட அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணன் வதீமுக்கு,

பெர்ம் நகரிலிருந்து தங்கை லரீசா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை விசாரிக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சிப் பேட்டியில் தொந்தியோடு பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. நீ நூறாண்டு வாழவேண்டும், நான் திட்டி முடிக்க அவ்வளவு காலமாகும்.

"அந்தக் காலத்துல, அந்த ஐரோப்பிய ஜோடிப் பனிச்சறுக்குப் போட்டியில ரெண்டு பேருமே தடுமாறிட்டோம்"னு மாஸ்கோவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொல்கிறாயே, ரெண்டு பேருமா? தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்த என்னைக் கைநழுவ விட்டது நீ. நான் செய்ததெல்லாம் விழுந்ததுதான். மோவாய் கிழிந்து பனியெல்லாம் ரத்தம். அப்படியே எழுந்து, சிரித்த முகமாக, உன் கையையே பிடித்துக்கொண்டு மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்தேனே, அதையாவது சொன்னாயா? "விளையாட்டுன்னா சகஜம்தானே"ன்னு பெருந்தன்மையாக மன்னித்துவிட்டாய். யாரை? என்னையா?

அப்புறம் மதிப்பெண் வரும்வரை அந்த பெஞ்சில் காத்திருந்தோமே, மறந்துவிட்டாயா? மூஞ்சிக்கு நேராக கேமரா. பயிற்சியாளர் கபிட்டோலினா அம்மையார் நடுவில் உட்கார்ந்து, நம் ரெண்டு பேர் முதுகையும் கிள்ளிக்கொண்டே, "சிரிங்க சனியன்களா, நாடே பாக்குது" என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு, உதடு அசையாமல், "பாவி, ஏன் விட்டே?"ன்னு கேட்டேன். நீ கேமராவுக்குக் கையாட்டியபடியே, "ராத்திரி பெல்மேனிக் கறிக்கொழுக்கட்டையை அந்த வெட்டு வெட்டினா எவன்டி தூக்குவான்?" என்றாய். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம்தான் வந்தது, "தோல்வியிலும் கலங்காத உடன்பிறப்புகள்" என்று. அம்மா அதற்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் நான் கஞ்சி குடிக்கிறேன்.

உன்னோடு ஜோடியாகச் சறுக்கியே என் இளமை போச்சு. விடியுமுன் எழுந்து அரங்கத்துக்கு ஓடினால், "காதலாப் பாரு, லரீசா, காதலாப் பாரு"ன்னு கபிட்டோலினா அம்மையார் கத்துவார். கூடப்பிறந்தவனை, அதுவும் மூக்கு நோண்டுகிறவனை, எப்படி ஐயா காதலாகப் பார்ப்பது? அதையும் பார்த்தேன். முழங்கால் ரெண்டும் தேய்ந்ததுதான் மிச்சம். இப்போது என்னடாவென்றால் வெளியே தலைகாட்ட முடியல. மாடிவீட்டு ரயீசா வெள்ளரி ஊறுகாய் ஜாடியோடு வந்து, "போகட்டும் விடு, அண்ணன் ஒண்ணும் மனசுல வச்சுக்கல பாத்தியா"ங்கிறா. நான் சறுக்கு சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகளின் அம்மாமார்கள், "கீழே விழாமச் சொல்லிக்குடுப்பீங்கல்ல, டீச்சர்?"னு இளிக்கிறாளுக. வயிறு எரியுது அண்ணா!

இந்த லட்சணத்தில், அரங்கத்தின் ஆண்டுவிழாவில் நாம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சுற்று வருவோம்னு என்னைக் கேக்காமலே ஒத்துக்கிட்டியாமே? ஊர் முழுக்கச் சுவரொட்டி! நல்லாக் கேட்டுக்கோ. அதே தொலைக்காட்சியில், அதே நாற்காலியில் உட்கார்ந்து, "விட்டது நான்தான்"னு உன் வாயால் சொல்லாதவரை, உன்னோடு பனியில் கால் வைக்க மாட்டேன். தனியா வந்து சுத்து. தொந்தியைத் துணைக்கு வச்சுக்கோ.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள். உனக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
தடுமாறாத தங்கை,
லரீசா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன்னைப் பேட்டி எடுத்த அந்தத் தொலைக்காட்சிக்காரி போன் பண்ணினாள். "அந்தப் போட்டியோட பழைய படத்தைப் போட்டுப் பாத்தோம், உங்க அண்ணன் கைதான் நழுவுது. நீங்க வந்து அவர் மூஞ்சிக்கு நேரா கேக்கணும், ஊரே பாக்கும்"னா. எனக்கு வந்ததே ஒரு கோபம். "எங்க அண்ணனைப் பத்திப் பேச நீ யாருடி? அவன் விடல, நான்தான் துள்ளினேன், எழுதிக்கோ"ன்னு சொல்லி போனை வச்சுட்டேன். அடுத்த ஞாயிறு அதைத்தான் போடுவாளாம். போட்டுத் தொலையட்டும். நீ ஆண்டுவிழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துடு, ஒத்திகை பாக்கணும். தூக்கவெல்லாம் வேண்டாம். கையைப் பிடிச்சுக்கோ, போதும்.