தனம் கேட்ட சுடுதண்ணி

தனத்தை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவள் ஆஸ்பத்திரிக் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

தனம் என் மனைவி. விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அந்த வார்டுக் குழாயில் வெந்நீர் வந்தது. அதுதான் அவளுக்கு அதிசயம்.

"இன்னாங்க, இங்க வாங்க. கைய நீட்டுங்க."

நீட்டினேன். சுட்டது.

"விறகு இல்ல, பொக இல்ல, ஊதறது இல்ல. அதுபாட்டுக்கு வருது பாருங்க! மேல சோலார் வெச்சிருக்காங்களாம். வூட்ல வெச்சா கவர்மெண்டே மானியம் குடுக்குதாம். நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு. போனதும் மொத வேலையா எழுதிப் போடுங்க."

"நம்ம செஞ்சியில எதுக்குடி சோலாரு? சித்திரையில கொழாயத் தொறந்தா முட்டையே வெந்துடும்."

"சித்திரையில நான் கேட்டனா? மார்கழியில அடுப்பு ஊதறது நீங்களா, நானா?"

மாற்றுத் துணி எடுத்துவரலாம் என்று பஸ் ஏறினேன். நான் திரும்பி வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

ஆகவே சோலார் போட்டே தீருவது என்று ஆகிவிட்டது.

அப்போது அரசாங்கம் மானியம் கொடுத்துக்கொண்டிருந்த காலம். மனு எழுதுவது எனக்குப் பெரிய விஷயமில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டாலும், கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருக்கிற ஆள் நான். எதுவும் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு உண்டு. இந்தக் கதைக்குக் காரணமே அந்த நினைப்புதான்.

சோலார் வந்தது. மாடியில் சாய்வாகக் கண்ணாடிக் குழாய்கள், தலைமாட்டில் உருண்டையாக ஒரு டேங்க். மாட்டி முடித்ததும், விழுப்புரத்திலிருந்து அதைக் கொண்டுவந்த கடைக்காரர் சொன்னார்.

"மானிய ஆபீஸ்லேர்ந்து மேடம் வந்து பாப்பாங்க சார். அவங்க ஓகே சொன்னாத்தான் மானியம். இல்லன்னா நான் கழட்டிக்கினு போயிடுவேன். மனசுல வெச்சிக்காதீங்க."

வெயில் நன்றாக இருந்ததால் மறுநாளே குழாயில் வெந்நீர் வந்தது. "இங்க வந்து கைய நீட்டு" என்று கூப்பிடத் திரும்பினேன். கூப்பிட ஆள் இல்லை. தனியாக நின்று கையை நீட்டிக்கொண்டேன்.

பிறகு கார்த்திகை மழை பிடித்தது. எங்கள் ஊர்க் கோட்டை மலை ராஜகிரி இருக்கிற இடமே தெரியவில்லை. சோலார் தண்ணீர் ஐஸாகிவிட்டது. சோலார் வைத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதா என்று வீம்பு எனக்கு. பச்சைத் தண்ணீரிலேயே குளித்தேன். ஜலதோஷம் பிடித்து, மூக்கு சுத்தமாக அடைத்துக்கொண்டது.

இந்த மூக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேடம் போன் செய்தார்.

"சார், நாளைக்குக் காலையில இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரேன். வீட்ல இருங்க."

விடிந்தும் அதே மழைமூட்டம். குழாயைத் திறந்தேன். பல் கிட்டியது. மேடம் கையை வைத்தால் அவ்வளவுதான். தனம் கேட்ட ஒரே பொருள், விழுப்புரத்துக்கே வண்டியேறிப் போய்விடும்.

விறகெல்லாம் நனைந்து கிடந்தது. கேஸில் வைத்தால் ஒரு குண்டான்தான் தேறும். அப்போதுதான் பின்வீட்டில் புகை எழும்பியது. கரீம் பாய்!

கரீம் பாய் கல்யாணச் சமையல் மாஸ்டர். அவர் பிரியாணி என்றால் மேல்மலையனூர் பக்கமிருந்தெல்லாம் ஆள் வரும். அன்றைக்கு ஏதோ நிக்காஹ். தகரக் கொட்டகைக்குக் கீழே தேக்சாக்கள் அடுப்பில் ஏறியிருந்தன. தேக்சா என்றால் ஒரு ஆள் உள்ளே உட்காரலாம், அவ்வளவு பெரிய பாத்திரம்.

"பாய், கொஞ்சம் சுடுதண்ணி வேணும்."

"எவ்ளோ அண்ணே? குளிக்கவா?"

"ஒரு டேங்க்."

பாய் கரண்டியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யானை கீனை வாங்கிட்டீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"இருங்க அண்ணே. சோலாரு நமக்கு சூடு பண்ணித் தரும்னுதான வாங்கினீங்க? இப்ப சோலாருக்கு நாம சூடு பண்ணித் தரணுமா?"

"இன்னிக்கு மட்டும் பாய்."

"எடுத்துக்கினு போங்க. சின்ன தேக்சாவுல இருக்குது, பாத்திரம் கழுவ வெச்சது" என்று சொல்லிவிட்டு வெங்காயம் பார்க்க உள்ளே போனார்.

சின்ன தேக்சாவை எட்டிப் பார்த்தேன். சோம்பேறித்தனமாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் பெரிய தேக்சா தளதளவென்று கொதித்தது. மானிய விஷயம், குறை வைப்பானேன்? பெரியதில் மொண்டேன்.

தண்ணீரில் ஏதோ இலை மிதந்தது. ஏதோ மரத்து இலை காற்றில் வந்து விழுந்திருக்கும் என்று ஒதுக்கிவிட்டேன்.

மாடிக்குத் தூக்கிப் போய், வீட்டுத் தண்ணீர் டேங்கிலிருந்து சோலாருக்கு வருகிற வால்வை மூடி, சோலாரில் இருந்த பச்சைத் தண்ணீரைப் பாதி திறந்துவிட்டு, காற்றுப் போக மேலே நீட்டியிருக்கிற குழாயில் புனலைச் செருகி, பக்கெட் பக்கெட்டாக ஊற்றினேன். பாதி டேங்கில், பாதி என் காலில், மீதி தரையில். மூச்சு வாங்கியது. ஆனால் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போது மதில் மேல் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது. செஞ்சியில் குரங்கைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. கொடியில் கிடக்கிற துணியை மட்டும் எடுத்துவிடுவோம். நானும் என் துண்டை எடுத்துக்கொண்டேன். குரங்கு துண்டைச் சட்டை செய்யவில்லை. கீழே சிந்திய தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நக்கியது. யோசித்தது. மறுபடி நக்கியது. பிறகு மலைப்பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தது பாருங்கள்!

கீழே ஸ்கூட்டி சத்தம். மேடம் வந்துவிட்டார்.

நேராக பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்தார். குபுகுபுவென்று ஆவி.

"பரவால்லையே! இந்த மழையில கூட இவ்ளோ சூடா வருது?"

"நல்ல கம்பெனி மேடம்."

மேடம் கையை முகத்தருகே கொண்டுபோனார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"சார், வீட்ல இன்னிக்கு என்ன சமையல்?"

"நான் ஒண்டிக்கட்ட மேடம். கடையில ரெண்டு இட்லி."

மறுபடி கையை முகர்ந்தார். குழாயைக் குனிந்து முகர்ந்தார். சரியாக அந்த நேரம் பார்த்துக் குழாயிலிருந்து ஏதோ ஒன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"இது என்ன சார்?"

பார்த்தேன்.

"லவங்கம் மேடம்."

"சோலார்லயா?"

என் வாயிலிருந்து அந்த நேரத்தில் வந்த பதிலை நினைத்தால் இன்றைக்கும் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

"பல்லு வலிக்கு நல்லதுங்க."

மேடம் மாடிப்படி ஏறினார். பின்னாலேயே நானும்.

மாடியில் குரங்குகளின் மாநாடு நடந்துகொண்டிருந்தது. டேங்க் மேல் ஒன்று குதிரை ஏறியதுபோல் உட்கார்ந்திருந்தது. ஒன்று புனலைத் தலையில் மாட்டிக்கொள்ளப் பார்த்தது. குட்டியைக் கட்டிக்கொண்ட தாய்க்குரங்கு தரையை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.

"இதுங்க எப்பவும் இப்படித்தானா சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் படியில் தடதடவென்று சத்தம். கையில் கரண்டியோடு கரீம் பாய்.

"அண்ணே! என் ஒலத் தண்ணி எங்க அண்ணே? உப்பு போட்டு, பட்டை லவங்கம் பிரிஞ்சி எல போட்டு, அரிசி கொட்டலாம்னு வந்து பாத்தா பாதி தேக்சா காலி! சின்னதுல எடுங்கன்னுதான சொன்னேன்? மாப்ள வூட்டுக்காரங்க பந்தல்ல வந்து ஒக்காந்துட்டாங்க!"

பிறகுதான் மேடத்தைப் பார்த்தார். கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சார், பிரியாணி ஒலத் தண்ணியவா சோலார்ல ஊத்தினீங்க?" என்றார் மேடம்.

தலையாட்டினேன்.

மேடம் மதில் ஓரம் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தினார். கையை முகர்ந்தார். மறுபடி சிரித்தார்.

"மழை மூடினா தண்ணி சூடாகாதுன்னு எங்களுக்குத் தெரியாதா சார்? டேங்க் இருக்கா, கனெக்‌ஷன் இருக்கா, நீங்க இருக்கீங்களான்னு பாத்து ஒரு போட்டோ எடுக்கணும். அவ்ளோதான் என் வேலை."

"சூடு?"

"சூடு பாக்கச் சொல்லி எங்கயும் எழுதல சார். கொழா வேலை செய்யுதான்னுதான் தொறந்தேன்."

"அப்ப இதக் கழட்டமாட்டாங்களா?"

என் குரல் போன போக்கைப் பார்த்து அவர் சிரிப்பை நிறுத்தினார். தனத்தைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரிக் குழாயைச் சொன்னேன். பாய் கண்ணை மேல்துண்டால் துடைத்துக்கொண்டார். அது வெங்காயத்தால் என்று பிற்பாடு சாதித்தார்.

"டேங்க் பக்கத்துல நில்லுங்க சார்" என்றார் மேடம்.

நின்றேன். குரங்கு இறங்க மறுத்தது. பாய் கரண்டியை வீசினார். குரங்கு கரண்டியைப் பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் மேடம் போட்டோ எடுத்துவிட்டார். மானிய ஆபீசில் இன்றைக்கும் இருக்கும் அந்தப் படத்தில் நான் கொஞ்சமாகத்தான் தெரிவேன்.

"அண்ணே, போட்டோ ஆச்சுல்ல? ஒலைக்கு வழி சொல்லுங்க" என்றார் பாய்.

"குழாயத் தொறந்து திருப்பிக் குடுத்துடட்டா?"

"பாத்ரூம் தண்ணியில ஒலை வெச்சேன்னு தெரிஞ்சா நிக்காஹ் நின்னுடும் அண்ணே! சின்ன தேக்சா தண்ணிய ஊத்திக்கறேன், இன்னும் பத்தாது. அவசரமா ஒரு பெரிய பாத்திரம் இருந்தா வேற அடுப்புல ஏத்திடுவேன்."

எனக்கு அப்போதுதான் தோன்றியது. பின்கட்டில் தனத்தின் பித்தளை அண்டா கவிழ்த்துக் கிடந்தது. வருஷக்கணக்காக அவள் வெந்நீர் போட்ட அண்டா. அடியெல்லாம் கரி. உள்ளே மட்டும் புளி போட்டுத் தேய்த்துத் தங்கம் மாதிரி வைத்திருப்பாள். ஒரு காதை நான் பிடித்தேன். இன்னொரு காதை, சொன்னால் நம்பமாட்டீர்கள், மேடம் பிடித்தார். பாய் முன்னால் ஓடி வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே போனார்.

நிக்காஹ் நிற்கவில்லை. மத்தியானம் மேடம் ஆபீசுக்கும் எனக்கும் பார்சல் வந்தது. உப்பு சரியாக இருந்தது.

என் பாத்ரூமில்தான் கொஞ்சம் தூக்கல். எத்தனை தடவை டேங்கைக் கழுவிவிட்டாலும் வாசனை போகவில்லை. குளித்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால், டீக்கடையில் நிற்கிறவர்கள் "எங்க அண்ணே, யார் வூட்டுக் கல்யாணம்?" என்று விசாரித்தார்கள். திருவள்ளுவர் தெரு நாய் ஒன்று என்னை வீடுவரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும்.

இப்போதெல்லாம் மாடியில் கரண்ட் எடுக்கிற சோலார் போடலாமா, மானியம் நிஜமாகவே வருமா என்று தெரிந்தவர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே யோசனையைச் சொல்கிறேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் மூக்கடைப்புக்கு மருந்து சாப்பிடுங்கள்.

தனத்தின் அண்டா கரீம் பாயிடமே இருக்கிறது. திருப்பிக் கொண்டுவந்தார், வேண்டாம் என்றேன். அதில் அவர் உலை வைக்கிறார். பாத்திரம் கழுவச் சுடுதண்ணி வேண்டுமென்றால், பக்கெட்டோடு என் வீட்டுக் குழாய்க்கு வருகிறார்.

வெயில் அடிக்கிற நாளில் மட்டும்.