களவு போகாத மாலைக்கு இரண்டு அறிவித்தல்

“...மீண்டும் அறிவிக்கிறோம். லாபிர் காக்காட மூத்த மகள் நஸ்ரின் டீச்சர்ட பவுண் மாலை பள்ளிக்கூடத்துல வெச்சிக் காணாமப் போயிருக்கி. கண்டெடுத்தவங்க, கேள்விப்பட்டவங்க ஆரும் இருந்தா, அல்லாஹ்வுக்காக உடனே கொண்டு வந்து ஒப்படைக்கவும்!”

ஒலிபெருக்கியில் வந்தது எங்கள் பள்ளிவாசல் மோதினாரின் குரல். ஐந்து நேரமும் பாங்கு சொல்கிற குரல். அதைச் சந்தேகப்பட ஊரில் ஒருவரும் இல்லை. அந்த நேரம் நஸ்ரின் டீச்சராகிய நான் எட்டாம் தர வகுப்பில், கரும்பலகைக்கு முன்னால், வெண்கட்டிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். பெட்டிக்குள் மாலை இருந்தது.

ஆறு வருடம் போய்விட்டது. இன்றைக்கும் நிந்தவூரில் ஒரு கலியாண வீட்டுக்குள் நான் நுழைந்தால், “டீச்சர் வாறா, வெண்கட்டிப் பெட்டியத் தேடுங்க கா” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். “உங்கள பாஸாக்கினதே நாங்கதானே” என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பாஸாக்கினார்களாம்! பாடக் குறிப்பு எழுதியது நான். சொல் எழுத மட்டை வெட்டியது நான். பெயர் மட்டும் ஊருக்கு. என் பக்கத்து நியாயத்தை ஒருதரம் எழுத்தில் வைக்காமல் விடப்போவதில்லை.

அப்போது நான் கட்டுறு பயிலுனர். (ஆசிரியையும் இல்லை, மாணவியும் இல்லை, இரண்டு பக்கத்திலும் ஏச்சு வாங்குகிற ஒரு பிறவி.) கல்வியியற் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு, சொந்த ஊர்ப் பள்ளிக்கூடமொன்றில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி விரிவுரையாளர் மூன்று தடவை வந்து, பின்வாங்கில் உட்கார்ந்து, பாடத்தைப் பார்த்துக் கையெழுத்து வைப்பார். வைத்தால் நியமனம். வைக்காவிட்டால் இன்னுமொரு வருடம் அதே பிறவி.

முதல் தடவை அவர் வந்தபோது இலக்கணம் படிப்பிக்க ஒரு ரயில் செய்திருந்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சொல். பிள்ளைகள் சொற்பெட்டிகளைச் சரியாகக் கொழுவினால் ஒரு வசனம் ஓடும். மூன்று நாள் ஒட்டிய ரயில் அது. அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“டீச்சர், இந்தக் கரையில கோச்சி ஓடுதா?”

“இல்ல சேர்.”

“இந்தப் பிள்ளையள் கோச்சியில ஏறியிருக்கா?”

“...இல்ல சேர்.”

“செயற்பாடு எண்டா பிள்ளையிட வாழ்க்கையில இருந்து வரோணும்.”

இரண்டாம் தடவை வாழ்க்கையிலிருந்தே எடுத்துக் கடைத்தெரு நாடகம் போட்டேன். “நடிக்கிறமாதிரி இருக்கு டீச்சர், உண்மை இல்ல” என்று எழுதிவிட்டுப் போனார். நாடகத்தில் நடிக்காமல் வேறு என்னத்தைச் செய்வது? இதை நான் யாரிடம் கேட்பது?

எனக்குப் பிடித்தது பாருங்கள் ஒரு வெறி. உண்மைதானே வேண்டும்? தருகிறேன்!

மூன்றாம் தடவைக்கான பாடம், ஒரு சம்பவம் நடந்த நேரத்தில் ஆர் ஆர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்வது. கடைசிப் பாடம், கடைசிக் கையெழுத்து. அன்றைக்கு உம்மாவின் பவுண் மாலையை, “விரிவுரையாளர் வாறார், வெறுங்கழுத்தோட நிக்கலாமா?” என்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். வகுப்புக்குள் போகமுன் கழற்றி வெண்கட்டிப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். விரிவுரையாளர் பின்வாங்கில் உட்கார்ந்ததும், கழுத்தைத் தடவிப் பார்த்தேன். திடுக்கிட்டேன். மாலையைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் அலறினேன். பிறகு, அவர்களுக்கு விளங்கவேண்டுமே என்று தமிழிலும் அலறினேன். பத்து நிமிடம் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஆங்கிலத்தில் விசாரிப்பார்கள், பிறகு பெட்டியைத் திறந்து காட்டுவேன், எல்லாரும் கைதட்டுவார்கள். பாடக் குறிப்பில் ‘கைதட்டல், ஒரு நிமிடம்’ என்றே எழுதியிருந்தேன்.

ஒரு பிள்ளையும் ஆங்கிலத்தில் விசாரிக்கவில்லை. நாலு பேர் மேசைக்குக் கீழே ஊர்ந்தார்கள். இரண்டு பேர் அழுதார்கள். “அல்லாஹ்வ முன்வெச்சிச் சொல்றன் டீச்சர், நான் எடுக்கல்ல” என்று ஒருத்தி புத்தகப் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். “வட் வேர் யூ டூயிங் எண்டு கேளுங்க பிள்ளையள்!” என்று நான் கெஞ்சுகிறேன். “இப்ப அதுவா டீச்சர் முக்கியம்?” என்கிறார்கள்.

அந்த அமளிக்குள் வகுப்புத் தலைவி ஹஸ்னா எழும்பினாள். நேராக நின்று, கையை உயர்த்தி, “மே ஐ கோ அவுட், மிஸ்?” என்றாள்.

என்ன உச்சரிப்பு! விரிவுரையாளரின் பேனை அசைந்ததை என் கண்ணால் கண்டேன். அன்றைய ஒரேயொரு ஆங்கில வசனம் அது. பெருமையில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. எங்கே போகிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. “யெஸ், யெஸ், கோ!” என்று வாசல்வரை கையை வீசி அனுப்பிவைத்தேன்.

அவள் மதிலுக்கு அடுத்த பக்கம் இருந்த பள்ளிவாசலுக்குப் போனாள். அந்தப் பிள்ளையை நான் குற்றம் சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் ஆடு காணாமல் போனாலும், அடையாள அட்டை விழுந்தாலும், சந்தையில் பிள்ளை கைவிட்டுப் போனாலும் முதலில் ஓடுவது அங்கேதான். பொலிசெல்லாம் அதற்குப் பிறகு. டீச்சரின் மாலை தொலைந்தால் அவள் வேறு எங்கே போவாள்?

இப்படித்தான் அந்த அறிவித்தல் வந்தது. ஒருதரமல்ல, இரண்டுதரம் வாசித்தார்.

நான் பெட்டியைத் திறந்திருக்கலாம். திறந்திருக்கவேண்டும். ஆனால் வாசலில் உம்மா நின்றா. கையெல்லாம் அரிசிமா.

“புட்டுக்கு மாக் குழைச்சிக்கிட்டு இருந்தன், காதுல விழுந்திச்சி, அப்பிடியே ஓடியாறன்! எங்கடி என்ட மாலை?”

உம்மாவுக்குப் பின்னால் மீன்காரர் ஹனிபா காக்கா. “சூரை வெட்டிக்கிட்டு இருந்தன் புள்ள, கத்தியப் போட்டுட்டு வாறன்.” அவருக்குப் பின்னால் உம்மாவின் தங்கச்சி, எங்கள் சாச்சி. “நான் முழுகிக்கிட்டு இருந்தன்” என்றா, சொட்டிய தலையோடு. ஓட்டோக்காரர் இரண்டு பேர். ஆறேழு வயல்காரர். வந்த ஒவ்வொருவரும் அறிவித்தல் கேட்ட நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை ஒரு குறையுமில்லாமல் சொன்னார்கள். என் பாடத்தின் நோக்கம் முழுமையாக நிறைவேறியது. தமிழில்!

வேறு வழியில்லாமல் பெட்டியைத் திறந்து மாலையைத் தூக்கிக் காட்டினேன்.

கைதட்டல் வரவில்லை.

“இது... பாடம்” என்றேன்.

“பாடமா?” உம்மாவின் குரல் கடற்கரைக்குக் கேட்டிருக்கும். “களவெடுக்கிறதயாடி படிப்பிக்கிறாய்?”

“நாங்கெல்லாம் சிலேட்டும் குச்சியும் வெச்சிப் படிச்சம்” என்று சாச்சி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னா. “இப்ப பவுண் வெச்சித்தான் படிப்பாமே.” ஹனிபா காக்கா சிரிக்கத் தொடங்கினார், நிறுத்தவேயில்லை.

கூட்டம் கலையுமுன் மணி அடித்துவிட்டது. விரிவுரையாளர் எழும்பி வந்தார். படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டிய இடம் வெள்ளையாகவே இருந்தது.

“உண்மைதான் டீச்சர், மிச்சம் உண்மை” என்றார். “ஆனா பிள்ளையள் இங்கிலீஷ் கதைக்கல்லையே. நான் எதப் பார்த்து ஒப்பம் வைக்கிற?”

கோச்சி உண்மையில்லை என்றீர்கள். கடை நடிப்பு என்றீர்கள். உண்மையைத் தந்தால் அது கூடிப்போச்சா? இதெல்லாம் நெஞ்சுக்குள் கொதித்தது. வெளியே வந்தது கண்ணீர்தான்.

அப்போதுதான் மோதினார் வந்தார். மாலை கிடைத்ததா என்று பார்க்கத் தானே மதிலைச் சுற்றி நடந்து வந்திருந்தார். நான் விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். பாடம், நடிப்பு, கையெழுத்து, இன்னொரு வருடம். பொறுமையாகக் கேட்டார். அவர் முகம் மட்டும் வாடிக்கொண்டே போனது.

“அப்ப நான் மைக்குல சொன்னது பொய்யாப் போச்சே மகள்.”

“பரவாயில்ல மாமா, விடுங்க.”

“என்னெண்டு விடுற? பதினாலு வருஷமா அந்த மைக்குல நான் ஒரு பொய் சொன்னதில்ல. ஊர் அத நம்பிக்கிட்டு இரிக்கப்படாது.”

“வேணாம் மாமா! ஆரும் நம்பல்ல, எல்லாரும் இஞ்சதான் நிக்காங்க!”

அவர் கேட்கவில்லை. சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறென்று நடந்தார். நான் விரிவுரையாளரைப் பார்த்தேன். அவர் படிவத்தைப் பார்த்தார். சாச்சி மட்டும், “பேசாம இரிங்க, என்ன சொல்றாரெண்டு கேப்பம்” என்றா. மதிலுக்கு அப்பால் மைக்கை இரண்டுதரம் தட்டும் சத்தம் கேட்டது. மோதினார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அன்பான ஜமாஅத்தார்களே, முந்தின அறிவித்தலுக்குத் திருத்தம். லாபிர் காக்காட மகள்ட மாலை களவு போகல்ல. அது இங்கிலீஷ் பாடமாம். கொழும்பு, கல்முனை எங்கயும் இப்பிடிப் படிப்பிக்கிறதா நான் கேள்விப்பட்டதில்ல. ஆனாலும் புள்ள அழுதுக்கிட்டு நிக்கிது. சேர் இன்னும் ஒப்பம் வைக்கல்லயாம். அவர் மனசு இளகி ஒப்பம் வைக்க, எல்லாரும் கையேந்தி துஆச் செய்ங்க.”

பிறகு, மைக்கை அணைக்காமலே, தானே ஓதத் தொடங்கினார்.