வெள்ளம் கேட்ட வேற்றுக்கிரகவாசிகள்

கரமனை,
திருவனந்தபுரம்.

மதுரை ‘விண்படகு’ மாத இதழின் ஆசிரியர் திரு. லிங்கராஜ் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அலுவலகத்தில் அனைவரும் நலமென நம்புகிறேன். நான் நலமா என்பது பிறகு. முதலில், நான் இருக்கிறேன்.

முப்பதாம் ஆண்டு மலரின் பதினான்காம் பக்கத்தில், “கரமனை சாவித்ரி என்று ஒருவர் இருந்ததில்லை, அது எங்கள் அலுவலகத்தில் யாரோ வைத்துக்கொண்ட புனைபெயர்” என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. ‘விண்படகு’ தொடர் ஞாயிறு காலையில் தொலைக்காட்சியில் ஆங்கிலத்தில் வந்த காலத்தில், படம் புரிந்து பேச்சுப் புரியாத தங்கள் வாசகர்களுக்காக வாராவாரம் கதையைத் தமிழில் எழுதி அனுப்பியவள் நான். கான்வென்ட்டில் சிஸ்டர் பிலோமினா சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை விடாமல் எழுதிப் பழகிய கை இது. அந்த அரைமணி நேரம் எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்பது சட்டம். என் கணவர் ஆனந்தகிருஷ்ணன் இருந்தவரை அதைப் பசியோடு காப்பாற்றினார். நான்கே ஆண்டுகளில் தொடர் நின்றது. இதழ் நிற்கவில்லை. அதில் எனக்கும் பங்குண்டு என்ற பெருமையில்தான் இத்தனை நாள் இருந்தேன்.

மலரைப் படித்ததும் தங்கள் துணையாசிரியர் வன்னியராஜைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“சாவித்ரிங்கிறது ஒரு ரிட்டயர்டு வாத்தியாருன்னுல்ல ஆபீஸ்ல சொல்றாங்க, மேடம்?”

“என் குரல் வாத்தியார் மாதிரியா இருக்கு?”

“கொஞ்சம் அப்படித்தான் இருக்கு, மேடம். ஆதாரம் ஏதாவது இருக்கா?”

“ஆதார் கார்டே இருக்கு.”

“அதுல விண்படகுக்கு எழுதுனவங்கன்னு போட்டிருக்கா, மேடம்?”

நான் எழுதியதில் ஒரு பிழையும் வந்ததில்லை. மூன்றாம் இதழில் மட்டும், பூமிக்கு வந்த வேற்றுக்கிரகவாசிகள் “எங்களுக்கு வெள்ளம் தாருங்கள்” என்று கேட்டதாக அச்சானது. வெள்ளத்தை யாராவது கேட்டு வாங்குவார்களா என்று வாசகர்கள் ஆறு மாதம் சண்டையிட்டார்கள். வெள்ளத்தில்தான் அவர்களால் மூச்சுவிட முடியும் என்று ஒருவர் நிரூபித்தார். தாங்களும் அட்டைப்படத்தில் அவர்களுக்குச் செவுள் வரைந்துவிட்டீர்கள். அச்சுக்கோத்த பிச்சைக்கனிக்கு ‘வெள்ளம் பிச்சைக்கனி’ என்றே பெயராயிற்று. “காப்பியில் இருந்ததைத்தான் கோத்தேன்” என்று அவர் சொன்னதாகவும் மலரில் இருக்கிறது. நான் எழுதி அனுப்பிய காப்பியில் அப்படி இருக்க வாய்ப்பே இல்லை.

இதழ் இன்னும் பல்லாண்டு வரட்டும். தங்கள் குடும்பத்தாருக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
(இருக்கின்ற) சாவித்ரி ஆனந்தகிருஷ்ணன்

பி.கு.: கடிதத்தை மடித்த பிறகு, ஆதாரமாக வைக்க மூன்றாம் இதழுக்கு எழுதியதன் கார்பன் பிரதியைத் தேடினேன். மாடியில் குடியிருக்கும் அஸ்வதி டீச்சர் பரணில் ஏறி எடுத்துத் தந்துவிட்டுத் தூசியில் இருமினார்.

“வெள்ளம் வேணுமா, டீச்சர்?” என்றேன்.

“கொறச்சு மதி, மாமி,” கொஞ்சம் போதும் என்று மலையாளத்தில் சொன்னார்.

டம்ளரை நீட்டிய கை அப்படியே நின்றது. திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தாகமெடுத்தால் வாயில் வருவது மலையாளத்து வெள்ளம், குடிக்கிற தண்ணீர். மதுரையில் அது ஊரையே அடித்துக்கொண்டு போகும். பிரதியைப் பிரித்தேன். என் கையெழுத்தில், மணிமணியாக: “எங்களுக்கு வெள்ளம் தாருங்கள்.”

பிச்சைக்கனி அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் தங்கள் அலுவலகத்தில் மதுரைக்காரர் எவரும் இந்த வரியை எழுதியிருக்க முடியாது. பிரதியை இணைத்துள்ளேன்.

பிழை என்னுடையது, பெயரும் என்னுடையது. இரண்டு திருத்தங்களும் எந்த இதழில் வரும் என்று கடிதம் மூலம் பதில் எழுதவும்.