நாலு தகரம், இரண்டு பொட்டலம், ஒரு நிரூபணம்

மாத்தளை,
வியாழன் மாலை, ஆவணி 1934.

அன்பில் தாராளமும் மதிப்பெண்ணில் கஞ்சத்தனமும் உடைய சண்முகராஜா மாமா அவர்களுக்கு, மருமகன் சிவஞானம் எழுதிக்கொள்வது. இவ்விடம் அம்மா சுகம், அப்பா சுகம், கடை மட்டும் கொஞ்சம் சுகமில்லை. காரணம் கீழே வருகிறது. கண்டியில் தாங்களும் அத்தையும் தங்கள் பள்ளிக்கூடத்துப் பிரம்பும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். பிரம்புக்கு மட்டும் அரை மனசோடு.

தாங்கள் அனுப்பிய மூன்று கணக்கும் வந்து சேர்ந்தன. மூன்றையும் சரியாகப் போட்டால் தங்கள் பள்ளிக்கூடத்தில் இடம், தங்கள் வீட்டில் சாப்பாடு என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவோ, "படிச்சது போதும், கடையில நில்லு" என்கிறார். அம்மா கண்டிதான் என்கிறாள். கடைசியில் அம்மன் கோயிலில் பூ கேட்பது என்று முடிவாயிற்று. ஆகவே இரண்டாம் கணக்கை முதலில் போட வேண்டியதாகிவிட்டது, மன்னிக்கவும்.

இரண்டாம் கணக்கு: நாணயத்தை இரண்டு தரம் சுண்டினால் ஒரு தரமாவது தலை விழ எவ்வளவு வாய்ப்பு? நீங்கள் பூவா தலையா கேட்டீர்கள். இங்கே பூவில்தான் என் தலையே இருந்தது. சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் கண்டி, வெள்ளை வந்தால் கடை. பூசாரியின் சின்ன மகள் பாலாமணி எடுத்தாள். பிரித்தால் சிவப்பு! எனக்குக் கண்டி ரயில் ஊதுவதே கேட்டுவிட்டது. அப்பா, "புள்ள தூக்கக் கலக்கத்துல எடுத்திருச்சு. இன்னொரு தரம் எடும்மா" என்றார். வெள்ளை. அம்மா விடுவாளா? "ஏங்க, பொகையில அதுக்குக் கண்ணே தெரியல. இன்னொரு தரம்!" சிவப்பு. "பொட்டலம் சரியா மடிக்கல" என்றார் அப்பா. வெள்ளை. "மணி அடிக்கிறதுக்கு முந்தி எடுத்தா செல்லாது" என்றாள் அம்மா. இப்படிப் பூ கேட்கப் போய்ப் பூசல் வந்து, பாலாமணி அழுது, பூசாரி கையெடுத்துக் கும்பிட்டு, "ஆத்தா பதில் சொல்லிட்டா, கேட்டவங்களுக்குத்தான் காது இல்ல. நடை சாத்தணும், போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார். விடை: ஒரு தரம் எடுத்தால் அப்பா நினைத்தது வர அரை, இரண்டு தரத்தில் ஒரு தரமாவது வர முக்கால், வரும்வரை எடுத்தால் முழுசு.

மூன்றாம் கணக்கு: ஒரு கூற்றை நீயே சொல்லி நீயே நிரூபி. கூற்று: வேண்டியது வரும்வரை பூ கேட்கிறவன் சாமியைக் கேட்கவில்லை. நிரூபணம்: வேண்டாத பூ வந்தால் மறுபடி கேட்பான், வேண்டிய பூ வந்தால் நிறுத்துவான், ஆகவே எந்தப் பூ முதலில் வந்தாலும் முடிவு ஒன்றே, ஆகவே பொட்டலம் கட்டினதே தண்டம். அப்படிப்பட்ட இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் முடிவே கிடையாது. இதைச் சாப்பிடும்போது சொன்னேன். அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, "அப்ப என்னதான்டா செய்யணுங்கிற?" என்றார்.

"ஒரே தரம்ப்பா. ரெண்டு பேரும் கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணுங்க. அப்பறம் யாரு நெனச்சாலும் மாத்த முடியாது."

பண்ணிவிட்டார்கள். நாளை வெள்ளிக்கிழமை அந்த ஒரே தரம்.

இனி முதல் கணக்கு: நான்கு பொருளை ஒரே வரிசையில் எத்தனை விதமாக வைக்கலாம்? "வெள்ளைதான் வரப்போவுது, இப்பவே பழகு" என்று அப்பா என்னை நேற்றே கடையில் நிறுத்திவிட்டார். எங்கள் இருட்டுக் கடையில் மல்லி, சீரகம், மிளகு, கறுவாப்பட்டை என்று நாலு தூள் தகரம் வரிசையாக இருக்கும். அப்பா தகரத்தைப் பார்ப்பதேயில்லை; வாய் வந்தவரோடு ஊர்க்கதை பேசும், கை தானாகப் போய் அள்ளும். அவர் சாப்பிடப் போன நேரத்தில் தகரங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். முதலிடத்துக்கு நாலு, அடுத்ததுக்கு மூன்று, அதற்கடுத்து இரண்டு, மிச்சம் ஒன்று: ஆக இருபத்துநாலு. விடை சரிதான் மாமா. ஆனா அந்த இருபத்துநாலுல ஒண்ணே ஒண்ணுதான் அப்பா கைக்குத் தெரியும்ங்கிறது, அவர் திரும்பி வந்து வாடிக்கைக்காரர் மக்கீன் நானாவுக்கு மல்லித்தூள் அள்ளும்போதுதான் என் மண்டைக்கு எட்டிச்சு. வாயைத் திறந்திருக்கலாம். கணக்கைச் சரிபார்க்கும் ஆசை விடவில்லை.

இன்று காலை நானா கடை வாசலில் வந்து நின்றார். "என்ன மொதலாளி, எங்கட ஊட்டு எறச்சிக் கறி வட்டிலாப்ப இனிப்பு மாதிரி மணக்குது! மாப்புள ஊட்டாளுகள் சோத்த ஒதுக்கிட்டு கரண்டி கேட்டுட்டாங்க!" அப்பா தகரத்தை மோந்து பார்த்தார். கறுவா. பிறகு என்னைப் பார்த்தார். தகரங்களைப் பழைய வரிசைக்கே மாற்றி வைத்தார். திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மூன்று விடையும் சரியென்றால் அங்கே இடம் உண்டு. நாளை சிவப்பு வந்தால் அந்த இடத்தில் உட்கார நானும் உண்டு. பாதிக்குப் பாதி. காலையில் பிரம்பை எடுக்குமுன் எனக்காகச் சிவப்பாக ஒரு நினைப்பு நினைத்துக்கொள்ளவும். அத்தைக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் நூறு வரை எண்ணி, அதற்கு மேலும் நீண்டு வாழட்டும்.

தங்கள் ஆசியையும் அத்தை சமையலையும் நாடும் மருமகன்,
சிவஞானம்.

பி.கு. (வெள்ளி மதியம்): வெள்ளை வந்தது, மாமா. சத்தியம் பண்ணியிருந்ததால் அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அப்பா பூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாலாமணி விரலில் இருந்த குங்குமம் ஓர் இதழில் கடுகளவு ஒட்டியிருந்தது.

"பூசாரி, இது செவப்புதானே?"

"நந்தியாவட்டைங்க மொதலாளி."

"பேரக் கேக்கல, நெறத்தக் கேட்டேன். எங்கண்ணுக்குச் செவப்பாத்தான் தெரியுது."

பூசாரி அம்மாவைப் பார்த்தார். அம்மா, "செக்கச் செவேல்னு இருக்குங்க!" என்றாள். எனக்குத் தெரிந்து இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தரம். ஆகவே மேலே பாதிக்குப் பாதி என்று எழுதியதை அடித்துவிடவும். ஒரே தரம் கேட்டால் யாராலும் மாற்ற முடியாது என்று பீற்றிக்கொண்டதையும் அடித்துவிடவும். வரும் வழியில், "இது கடையக் காப்பாத்தவாப்பா, என்னையக் காப்பாத்தவா?" என்று கேட்டேன்.

"வேகமா நடடா, டிக்கெட் எடுக்கணும்" என்றார்.