வாமதேவன் அண்ணையின் பதினொரு பக்கம்

பிரான்சில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஓர் இனம் உண்டு. மழை, வெயில், ரயில் வேலைநிறுத்தம் எதுவும் அதைப் பாதிப்பதில்லை. உங்கள் கையில் ஜன்னல் வைத்த தபால் உறை ஒன்று தெரிந்தால் போதும். ரூ லூயி-பிளாங்கின் எதிர்ப்பக்கத்தில் நின்று யாரோடோ அரசியல் பேசிக்கொண்டிருந்தாலும், பேச்சைப் பாதியில் விட்டு, சிவப்பு விளக்கையும் பாராமல் தெருவைக் கடந்து வந்து, "எங்கை, ஒருக்காக் காட்டும் பாப்பம்" என்று கையை நீட்டும். கொடுக்கலாமா என்று நீங்கள் யோசிப்பதற்குள் மூக்குக்கண்ணாடி ஏறியிருக்கும். கடிதமும் போயிருக்கும். மேன்முறையீட்டுக்காரர் என்ற இனம் இதுதான்.

இவர்களைப் பொறுத்தவரை கடிதம் வருவதே எதிர்க்கப்படுவதற்காகத்தான். மின்சாரக் கட்டணமோ, தொலைபேசி ஒப்பந்தமோ, வீட்டுக்காரரின் அறிவித்தலோ, எதுவானாலும் முதலில் தலையை மெதுவாக ஆட்டுவார்கள். பிறகு உதட்டைப் பிதுக்குவார்கள். பிறகு, "இதைச் சும்மா விடக் கூடாது" என்பார்கள். வங்கி அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தைப் பார்த்தும் அப்படிச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் வாமதேவன் அண்ணை.

வாமதேவன் அண்ணைக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருடம் உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவி, வெங்காயம் வெட்டி, முழங்கால் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தவர். மத்தியானம் இரண்டு மணிக்குத் தேநீர்க்கடையின் கடைசி மேசையில் அவரைக் காணலாம். முன்னால் ஒரு பச்சைக் கோப்பு, சட்டைப் பையில் மூன்று பேனைகள். கறுப்பு எழுதுவதற்கு, நீலம் ஒப்பமிடுவதற்கு. சிவப்பு எதற்கென்று இதுவரை யாருக்கும் தெரியாது.

ஒரு காலத்தில் அந்தப் பேனைகளுக்கு உண்மையிலேயே மதிப்பிருந்தது. ஊரிலிருந்து வந்து இறங்கியவர்களுக்கு அகதிக் கேஸ் எழுதிக் கொடுத்தவர் அவர். அவருடைய சொந்தக் கேஸ் இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டது. நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதினார், நம்பவில்லை. மூன்று பக்கத்தில் எழுதினார், அதையும் நம்பவில்லை. ஒன்பது பக்கத்தில், அங்கங்கே கொஞ்சம் கூட்டியும் எழுதினார், அகதிக் கார்ட் கொடுத்தார்கள். அன்றைக்குப் படித்த பாடத்தை அவர் இன்னும் மறக்கவில்லை: பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும், கஷ்டத்தைக் கூட்டிக் காட்ட வேண்டும், நிராகரிப்பு வராத கேஸ் ஒரு கேஸே அல்ல. இதில் சிரிக்க எதுவும் இல்லை. அவர் எழுதிய பக்கங்களால் இந்த நகரத்தில் வீடு, பிள்ளைகள் என்று ஆனவர்கள் நிறையப் பேர். என்ன செய்வது, கேஸ்கள் குறைந்துவிட்டன. அவருடைய கைதான் ஓயவில்லை.

ஆகவே தண்டக் கடிதங்களில் இறங்கினார். தேர்த் திருவிழா நாளில் ரூ பஜோலில் நின்ற ஒரு காரை இழுத்துக்கொண்டு போனதற்கு அவர் எழுதிய மறுப்பில், சாட்சி என்ற இடத்தில் பிள்ளையாரின் பெயரையும், அதன்கீழ் கோவில் முகவரியையும், சந்திக்கக்கூடிய நேரங்களையும் போட்டார். பிள்ளையாரை யாரும் விசாரணைக்கு அழைக்கவில்லை. கார்க்காரர் தண்டத்தைக் கட்டினார். வாமதேவன் அண்ணையோ அதை இன்றைக்கும் நிலுவையில் இருக்கிற கேஸ் என்றே சொல்லித் திரிகிறார்.

ஆனால் அவருக்கு வாயூறுவது தனியார் வாகனத் தரிப்பிடக் கம்பனிகளின் கடிதத்தைக் கண்டால்தான். அரசாங்கத் தண்டத்தில் ஒரு முத்திரை இருக்கும், அதற்கென்று ஒரு பயமும் இருக்கும். இதில் என்ன இருக்கிறது? சுப்பர்மார்க்கற் வாசலில் கம்பத்தின் மேல் ஒரு கமரா, உங்கள் வாகன இலக்கத்தின் மங்கலான படம், மரியாதையாகத் தொடங்கி மிரட்டலில் முடியும் ஒரு தாள். அதன் பின்னால் நினைவூட்டல், கடைசி நினைவூட்டல், கடைசிக்குப் பிறகும் ஒன்று. ஒரே கேஸில் இத்தனை கடிதம் வேறு எங்கே கிடைக்கும்? "இவங்கள் ஆர், பொலிஸோ?" என்று கேட்டுவிட்டு நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்வார்.

அஜந்தா அவரிடம் வந்தது அப்படி ஒரு கடிதத்தோடுதான்.

அற்புதமலர் என்கிற அம்மாள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவள் அஜந்தா. முன்பெல்லாம் புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து விடியுமுன்னே பஸ் பிடித்து, ரயில் பிடித்து வந்து, சமையலறை மூலையில் நின்று தேங்காய் திருவியவள். நான்கு தடவை தவறி ஐந்தாம் தடவை ஓட்டுநர் பத்திரம் எடுத்தாள். இப்போது கடையின் வெள்ளை வானில் மண்டபங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய் இறக்குகிறாள், அதே வானில் வீட்டுக்கும் போகிறாள். ஒரு பிறந்தநாள் விழாவுக்குச் சாப்பாடு இறக்கிய அன்று, பக்கத்துச் சுப்பர்மார்க்கற் தரிப்பிடத்தில் வான் ஒன்றே முக்கால் மணித்தியாலம் நின்றுவிட்டது. அனுமதி ஒன்றரை. மண்டபத்தின் மின்தூக்கி பழுதானால் அதற்குக் கமரா என்ன செய்யும்? வான் கடையின் பெயரில் இருந்ததால் கடிதமும் கடைக்கே வந்தது. அற்புதமலர் அதை மாக்கையோடு நீட்டினார்.

"இன்னொரு கடிதம் இஞ்சை வந்தால் வான் திறப்பை மேசையிலை வைச்சிட்டுப் பழையபடி தேங்காய் திருவ வாரும்."

அஜந்தாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். இரண்டாவது கடிதம் வரக் கூடாது. அதற்குப் பதினைந்து நாள் தவணை இருந்தது. இதை அவள் தேநீர்க்கடை மேசையில் இரண்டு தடவை விளக்கிச் சொன்னாள். வாமதேவன் அண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கறுப்புப் பேனையைத் திறந்தார்.

"பிறந்த திகதியைச் சொல்லும் பிள்ளை."

"என்ரையோ அண்ணை, வானின்ரையோ?"

"உம்மடை. பிறந்த இடம், படிச்ச பள்ளிக்கூடம், நாட்டை விட்டு வெளிக்கிட்ட காரணம்."

"நான் சுப்பர்மார்க்கற்றிலை வானை விட்டதுக்குத்தானே அண்ணை…"

"அங்கை ஏன் விட்டனீர்? இந்த நாட்டிலை இருக்கிறபடியால். இந்த நாட்டிலை ஏன் இருக்கிறீர்? அதிலை இருந்துதான் துவங்க வேணும்."

"பேசாமல் கட்டிப்போட்டு விடட்டோ?"

அவர் பேனையைக் கீழே வைத்தார். "கட்டினால் குற்றத்தை ஒத்துக்கொண்டதாப் போகும். ஒறிஜினல் என்னட்டை இருக்கட்டும்."

"ரெண்டாவது கடிதம் வந்தால் வான் போயிடும் அண்ணை."

"வரட்டும். வந்தால்தான் கேஸ் பலம்."

கடிதம் பச்சைக் கோப்புக்குள் போனது. அந்தக் கோப்புக்குள் போனது எதுவும் சுலபத்தில் வெளியே வந்ததில்லை.

வாமதேவன் அண்ணைக்கு அந்த நாட்கள் சந்தோஷமான நாட்கள். தன் வயதை மறந்தார், முழங்கால் நோவை மறந்தார். முதற்பக்கத்தில் அஜந்தா பிறந்தாள். மூன்றாம் பக்கத்தில் பள்ளிக்கூடத்தின் மேல் செல் குண்டு விழுந்தது. ஆறாம் பக்கத்தில் பிரான்சுக்கு வந்து சேர்ந்தாள். எட்டாம் பக்கம் முழுவதும் ஓட்டுநர் பரீட்சை. வான் தரிப்பிடத்துக்குள் நுழைந்தது ஒன்பதாம் பக்கத்தில். அஜந்தா ஒவ்வொரு நாளும் வந்து, "முடிஞ்சுதோ அண்ணை?" என்று கேட்பாள். "நல்லா வருது" என்பார் அவர். கடையில் அவள் தபால்காரர் வரும் நேரம் பார்த்து வாசலில் போய் நிற்கத் தொடங்கியிருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் பத்தாம் பக்கத்தில் சேர்த்திருப்பார்.

பதின்மூன்றாம் நாள் பதிவுத் தபாலில் அனுப்ப இருவரும் தபால் கந்தோருக்குப் போனார்கள். வரிசை நீளமாக இருந்தது. அதனால்தான் அஜந்தாவுக்கு வாசிக்க நேரம் கிடைத்தது.

"அண்ணை, நாலு மணித்தியாலம் நிண்டதெண்டு எழுதியிருக்கிறியள். அவங்கடை கமராவிலையே ஒண்டே முக்கால்தானே."

"கஷ்டத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்ட வேணும் பிள்ளை. இல்லாட்டி நம்பமாட்டாங்கள்."

"நீங்கள் கூட்டினது தண்டத்தையெல்லோ."

பக்கங்களோடு இணைத்திருந்த தண்டக் கடிதத்தை அவள் உருவியெடுத்துப் புரட்டினாள். முப்பது வருடத்தில் வாமதேவன் அண்ணை எந்தக் கடிதத்தின் பின்பக்கத்தையும் பார்த்தவரல்லர். எதிரி பேசுவதை எவ்வளவு நேரம்தான் கேட்டுக்கொண்டிருப்பது? அங்கே சின்ன எழுத்தில் மூன்று வரி இருந்தது. அஜந்தாவின் பிரெஞ்சு பெரிய பிரெஞ்சு அல்ல. ஆனால் பற்றுச்சீட்டைக் குறிக்கும் 'திக்கே' என்ற சொல் கடைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். அந்த வரிகள் சொன்னது இதுதான்: நீங்கள் எங்கள் வாடிக்கையாளரா, அன்றைய பற்றுச்சீட்டின் படத்தை இந்த முகவரிக்கு அனுப்புங்கள், முதல் தடவை என்றால் தண்டம் ரத்துச் செய்யப்படும். அன்றைக்கு அவள் அங்கே கடதாசித் தட்டும் கைதுடைக்கும் தாளும் வாங்கியிருந்தாள். அற்புதமலர் ஒவ்வொரு சீட்டுக்கும் கணக்குக் கேட்பவர் என்பதால் அது வானுக்குள் பத்திரமாக இருந்தது.

"அண்ணை, நான் இதை அனுப்பப் போறன்."

"அப்பிடியெண்டால் நாங்கள் வெண்டதா வராதே பிள்ளை. எங்கடை நியாயத்தை அவங்கள் ஏத்துக்கொண்டதா வராது."

"எனக்கு வெல்ல வேண்டாம் அண்ணை. எனக்கு வான் வேணும்."

பதினொரு பக்கத்தையும் அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு அவள் வெளியே போய்விட்டாள். வாமதேவன் அண்ணைக்கு மனம் நொந்துதான் போனது. அந்தப் பக்கங்களில் பொய் என்று பார்த்தால் அந்த நான்கு மணித்தியாலம் மட்டும்தான். மற்றதெல்லாம் அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதியது. அவளிடம் அதையெல்லாம் இவ்வளவு ஆறுதலாக உட்கார்ந்து கேட்டவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவர் நினைத்தார். அது உண்மையாகவும் இருக்கலாம். வரிசையில் முன்னால் நின்றவர் நகர்ந்தார். அவர் நகரவில்லை.

பற்றுச்சீட்டின் படத்தை அனுப்பிய மூன்றாம் நாள் அஜந்தாவின் தொலைபேசிக்கு இரண்டு வரிப் பதில் வந்தது. ரத்து. அற்புதமலர் அதை வாசித்துவிட்டு, "சரி, நேரம் போகுது, சாப்பாட்டை ஏத்தும்" என்றார். அஜந்தா அன்றைக்கே தேநீர்க்கடைக்குப் போய் வாமதேவன் அண்ணையிடம் சொன்னாள். என்ன இருந்தாலும் அவர் அண்ணை அல்லவா?

"மன்னிப்புக் கேட்டு எழுதினவங்களோ?" என்று கேட்டார் அவர்.

"இல்லை அண்ணை. முடிஞ்சுது எண்டு மட்டும்தான்."

அவள் போன பிறகு பக்கத்து மேசைக்காரர் என்ன விஷயம் என்று விசாரித்தார். வாமதேவன் அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்டுமில்லை. என்ரை கடிதம் தபால் கந்தோர் வரைக்கும் வந்திட்டுது எண்டு எப்பிடியோ அறிஞ்சிட்டாங்கள். பயந்துபோய்த் தாங்களாவே தண்டத்தை வெட்டிட்டாங்கள்." பக்கத்து மேசைக்காரர் வியந்து தலையாட்டிவிட்டு, தன் மேலங்கிப் பையிலிருந்து ஓர் உறையை வெளியே எடுத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அஜந்தா அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, ஐயோ, இவ்வளவு உழைப்பும் வீணாகப் போயிற்றே, எதற்கும் அதையும் சேர்த்து அனுப்பியிருக்கலாமே, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்திருக்கலாமே என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? தோன்றியிருந்தால், எழுந்து போய் உங்கள் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். யாரோ உங்களை நம்பித் தந்துவிட்டு, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு காத்திருக்கும் கடிதம் ஒன்று அங்கே கிடக்கும். தயவுசெய்து அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.