வெறும் வயிற்று வீரர்

மனிதர்களில் வெறும் வயிற்று வீரர் என்று ஓர் இனம் உண்டு. உண்ணாவிரதம் இருந்து போராடுகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் வேறு, அவர்களுக்காவது ஒரு கோரிக்கை இருக்கும், யாராவது பழரசம் கொடுத்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் சொல்கிறவர், பொழுது விடிந்ததும் விடியாததுமாக, முகம்கூடக் கழுவாமல், தன் விரலைத் தானே ஊசியால் குத்தி, வெளியே வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு சொட்டு ரத்தத்தைப் பிதுக்கி எடுத்து, தீப்பெட்டி அளவு மெஷின் ஒன்றுக்கு ஊட்டி, அது காட்டப்போகும் எண்ணுக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவர். எண் வந்த பிறகு அந்த வீட்டில் யாரும் மூச்சு விட முடியாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் எல்லோரையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. அளந்து பார்த்து, மாத்திரை போட்டு, சாப்பிட்டுவிட்டு, பேசாமல் வேலைக்குப் போகிற புண்ணியவான்கள் நிறைய. வீரர் அந்த ரகம் இல்லை. காலை எண் அவருக்குப் பரீட்சை மார்க். அதில் பாஸானால் அவர் உத்தமர். பெயிலானால் வீட்டில் யாரோ துரோகி.

எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருக்கிறார். என் அக்காவின் கணவர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பதால், தினமும் காலையில் என் அலாரம் அடிப்பதற்கு முன்பே கீழேயிருந்து தேர்வு முடிவு வந்துவிடும். "ச்சே!" என்று கேட்டால் நூற்று நாற்பதுக்கு மேல். "அடப்பாவி!" என்றால் நூற்று அறுபதைத் தாண்டிவிட்டது. ஒன்றுமே கேட்காவிட்டால் இன்னும் மெஷினோடு வாதாடிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

வாதாடுவது எப்படி என்கிறீர்களா? முதலில் விரல் சரியில்லை. வேறு விரலில் குத்துவார். பிறகு கையில் ஏதோ ஒட்டியிருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இன்னொரு விரலில் குத்துவார். பிறகு பேட்டரி தீர்ந்திருக்கும், ரத்தத்தைத் தொட்டு வைக்கும் பட்டை பழசாகியிருக்கும், அறை குளிர்ந்திருக்கும். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அந்த மேடையைக்கூட இவரளவுக்கு யாரும் குத்தம் சொல்லியிருக்க மாட்டார்கள். விரல்கள் தீர்ந்துபோனதும் அக்காவைக் கூப்பிடுவார்.

"நீ கையை நீட்டு. மெஷின் சரியா இருக்கான்னு பாக்கணும்."

அக்காவுக்குத் தொண்ணூறு வரும். அதைத்தான் அவரால் தாங்கவே முடியாது.

"ரெண்டு பேரும் ஒரே சாப்பாடுதான சாப்பிட்டோம்? உனக்கு மட்டும் எப்படி தொண்ணூறு?"

"நீங்க மூணு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. நான் உக்கார்றதுக்குள்ள பாத்திரம் காலி."

உடனே விசாரணைக் கமிஷன் கூடிவிடும்.

"நேத்து ரொட்டியில என்ன போட்ட?"

"மாவு."

"அப்புறம்?"

"உப்பு."

"உப்புன்னு நினைச்சு சர்க்கரையைப் போட்டுட்டியா?"

அக்கா அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

அவர்கள் மகள் கல்லூரியில் படிக்கிறாள். புத்திசாலி. தோழிகளோடு சுற்றுலா போக அனுமதி வேண்டுமென்றால் எண் நூற்று இருபதுக்குக் கீழே வருகிற நாளுக்காகக் காத்திருப்பாள். போன வருடம் அப்படி ஒரு நாள் வராமலே சுற்றுலாப் பருவம் முடிந்துவிட்டது.

இந்த இனத்துக்குக் கூட்டமும் உண்டு. காலையில் நடக்கப் போகிற பூங்காவில் கூடுவார்கள். வணக்கம் சொல்வது, பெண்டாட்டி பிள்ளைகளை விசாரிப்பது எல்லாம் கிடையாது. எடுத்த எடுப்பில், "இன்னைக்கு எவ்வளவு?" பங்குச்சந்தையில்கூட இவ்வளவு சுருக்கமாகப் பேச மாட்டார்கள். எங்கள் மாமாவின் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். அவர் என்றைக்கும், மழையிலும் வெயிலிலும், மகளுடைய கல்யாண விருந்துக்கு மறுநாளும்கூட, "தொண்ணூத்தெட்டு" என்றுதான் சொல்வார். அதையும் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வார். அந்தக் கொட்டாவி மாமாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

"அவருக்கு வருது, எனக்கு வராதா?" என்று ஒரு நாள் சபதம் எடுத்தார். இரவுச் சாப்பாட்டை விட்டார். மாத்திரையை விடவில்லை. சாப்பிடாமல் மாத்திரை போட்டால் சர்க்கரைக்கு இரண்டு பக்கமும் அடி என்பது அவருடைய கணக்கு. பசியோடு படுத்தார், பசியோடு எழுந்தார், குத்தினார். எண் குறையவில்லை. ஒரு நாள் முந்தைய நாளைவிட ஏறியே இருந்தது.

யோசித்துப் பாருங்கள். முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பருக்கைகூடத் தொடாதவர். ராத்திரி முழுக்க வயிறு காலி. அப்புறம் அந்தச் சர்க்கரை எந்த வழியாக உள்ளே வந்தது? ஜன்னல் வழியாகவா? மாமா உண்மையிலேயே அக்காவைச் சந்தேகிக்க ஆரம்பித்தார்.

"நான் தூங்குறப்ப வாயில எதையாவது போட்டியா?"

அக்கா அன்றுதான் முதல்முறையாகச் சிரிக்காமல் சொன்னாள். "உங்க நம்பர் குறையணும்னு நீங்களே குறைஞ்சுகிட்டு வர்றீங்க. கண்ணாடியில முகத்தைப் பாத்தீங்களா? டாக்டரைப் போய்ப் பாருங்க."

"டாக்டரா? நம்பர் நல்லா வரட்டும், அப்புறம் போலாம்."

இதுவும் இந்த இனத்தின் லட்சணம். தோற்ற மார்க்கோடு வாத்தியார் முன்னால் போய் நிற்க மாட்டார்கள்.

அன்று மத்தியானச் சாப்பாட்டையும் விட்டார். சாயங்காலம் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தார். ராத்திரி மாத்திரையோடு, யாரையும் கேட்காமல், இன்னும் ஒன்றைச் சேர்த்து விழுங்கினார். மறுநாள் காலை கீழேயிருந்து "ச்சே"யும் வரவில்லை, "அடப்பாவி"யும் வரவில்லை. சீட்டியடிக்கும் சத்தம் வந்தது. நான் பயந்துபோய் இறங்கி ஓடினேன்.

"நூத்தி ரெண்டு!" என்று மெஷினை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "தபால்காரர் இன்னும் நாலே நாலு படி மேல நிக்கிறார், அவ்வளவுதான்."

அக்கா தட்டை எடுத்து வைத்தாள். அவர் தள்ளிவிட்டார். சாப்பிட்டால் எண் கெட்டுவிடுமாம். கஷ்டப்பட்டுச் சம்பாதித்ததை ஒரு வாய் ரொட்டிக்காக இழக்க அவர் என்ன முட்டாளா? காலை மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, சீட்டியடித்தபடியே வேலைக்குப் போனார்.

அன்றைய முதல் வகுப்பு ஒரு தையல்கடை அம்மாவுக்கு. நாற்பது வயதைத் தாண்டியவர். ஏற்கெனவே இரண்டு முறை டெஸ்ட்டில் தோற்றவர். கடைத் துணிகளைத் தானே எடுத்துப்போய்க் கொடுக்க வேண்டும் என்று ஆசை, ஸ்டீயரிங்கைத் தொட்டாலோ நடுக்கம். எங்கள் மாமா அவருக்குக் கற்றுத்தரும் அழகை அந்தத் தெருவே கேட்டிருக்கிறது. "கிளட்ச்! கிளட்ச்சும்மா! எத்தனை தடவை சொல்றது? அது என்ன தையல் மிஷின் பெடலா?" இரண்டாவது கியருக்கு மேலே போக அவர் அனுமதித்ததே இல்லை. நடந்து போகிறவர்கள் அந்தக் காரைத் தாண்டிப் போவார்கள்.

அன்று கார் கிளம்பும்போதே இரண்டு முறை நின்றுபோனது. மாமா திட்டவில்லை. ஒரு சைக்கிளை உரசப் போனார் அந்த அம்மா. மாமா, "பரவாயில்ல" என்றார். திரும்பும்போது நடைபாதையில் ஒரு சக்கரம் ஏறி இறங்கியது.

"அருமை," என்றார் மாமா. "ரொம்ப அருமையா ஓட்டுறீங்க."

அந்த அம்மாவே பிறகு எங்களிடம் சொன்னார்: "வேர்த்து ஊத்துனதை நான் கவனிக்கலைங்க. கை நடுங்குனதையும் கவனிக்கல. பாராட்டுனார் பாருங்க, அப்பதான் என்னவோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுது."

காரை ஓரமாக நிறுத்தி அவரை உலுக்கியிருக்கிறார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. "இடது பக்கம் திரும்புங்க" என்று வலது பக்கம் கையைக் காட்டி முனகினார் மாமா. பிறகு தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது. தெருவில் யாரும் இல்லை. ஆஸ்பத்திரி பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். பெரிய ரோட்டில் அந்த அம்மா ஒரு நாளும் ஓட்டியதில்லை.

ஓட்டினார். ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், வாயில் வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு, லாரிகளுக்கு நடுவில் புகுந்து ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பூந்தொட்டி ஒன்றை உடைத்துக்கொண்டுதான் கார் நின்றது. ஆனால் நின்றது.

உள்ளே நர்ஸ் மாமாவின் விரலில் குத்திப் பார்த்து, "நாப்பத்தி ஆறு!" என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் மாமா கண்ணைத் திறந்தார்.

"எவ்வளவு?"

"நாப்பத்தி ஆறு சார். ரொம்பக் கம்மி. இதைக் குடிங்க."

"நாப்பத்தி ஆறா? எனக்கா?" மாமாவின் முகத்தில் ஒரு புன்னகை மலர்ந்தது என்றால் நம்புவீர்களா? மலர்ந்தது. "தபால்காரருக்குச் சொல்லி அனுப்புங்க."

நர்ஸ் நீட்டியது குளுக்கோஸ் கரைத்த தண்ணீர். மாமா வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டார். பல்லைக் கடித்து வாயைப் பூட்டிக்கொண்டு தலையை அந்தப் பக்கம் திருப்பினார். சாகப்போகிற நேரத்திலும் மார்க்கை விட்டுக்கொடுக்காத வீரம்! நர்ஸ் கெஞ்சினார், மிரட்டினார். அசையவில்லை. அப்போதுதான் தையல்கடை அம்மா முன்னால் வந்தார்.

"வாயைத் தொறங்க! எத்தனை தடவை சொல்றது? தொறங்கன்னா தொறக்கணும்!"

இத்தனை நாள் வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் ஒரே தவணையில் திருப்பிக் கொடுத்த குரல் அது. மாமா திறந்துவிட்டார்.

நானும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது எழுந்து உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்ததை மாட்டிவிட்டாள். மாட்டும்போது இரண்டு மூன்று முறை விரல் தவறியது. அவர் அதைப் பார்த்தார். தலைகுனிந்துகொண்டார். இத்தனை நாள் தன் விரலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர் அக்காவின் விரலைப் பார்த்தது அன்றுதான்.

டாக்டர் ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர்.

"சாப்பிடாம மாத்திரை போட்டீங்களா?"

"டாக்டர், நான் சாப்பிடவே இல்ல. இருந்தும் காலையில ஏறுது. எப்படி?"

"உங்க ஈரல் கொடுக்குது."

"என்னது?"

"விடியப்போகுது, எழுந்திரிக்கணும், தெம்பு வேணும்னு ஈரல் தன்கிட்ட இருக்குற சர்க்கரையை ரத்தத்துல விடும். எல்லாருக்கும்தான். மத்தவங்க உடம்பு சமாளிச்சிடும். உங்க உடம்பால முடியல. அதுக்குப் பட்டினி கிடந்தா தீர்ந்துடுமா? நேரத்துக்கு அளவாச் சாப்பிடுங்க. மாத்திரையை நான் மாத்தித் தர்றேன், நீங்க மாத்தாதீங்க. ஒரு நாள் நம்பரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நான் பாக்கப்போறது மூணு மாச சராசரியை."

மாமா அக்காவைப் பார்த்தார். குற்றவாளி வெளியிலிருந்து வரவில்லை. வலது விலாவுக்கு அடியிலேயே குடியிருந்திருக்கிறான். "இத்தனை நாள் உன்னைத்தானே சந்தேகப்பட்டேன்," என்றார் மெதுவாக.

"தெரியும். ஈரலையாவது நிம்மதியா இருக்க விடுங்க," என்றாள் அக்கா.

சாயங்காலம் தபால்காரர் பார்க்க வந்தார். விஷயத்தைக் கேட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஏன்யா, என்னைப் பாத்தா பட்டினி கிடந்த? எனக்கு நூத்தி எழுபதுக்குக் கொறைஞ்சதே இல்லையேப்பா!"

"தொண்ணூத்தெட்டுன்னு சொன்னீங்களே?"

"பூங்காவுல யாரு நிஜத்தைச் சொல்றா? ஆளாளுக்குக் கொஞ்சம் கழிச்சுத்தான் சொல்றாங்க. நான் கொஞ்சம் தாராளமா கழிச்சேன்."

மாமா அவரைக் கடித்துக் குதறப்போகிறார் என்று பயந்தேன். இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, நர்ஸ் வந்து அதட்டும்வரை சிரித்தார்கள். தபால்காரர் அதே டாக்டரிடம் அன்றே சீட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது மாமா ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடுகிறார். சராசரியும் மெல்ல இறங்கி வருகிறது. தையல்கடை அம்மா டெஸ்ட்டில் பாஸாகிவிட்டார். மூன்றாவது கியரை யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று மாமா விசாரித்தபோது, "கேக்கலை சார், போட்டுட்டேன்" என்றாராம். மாமா முழுக்கத் திருந்திவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். சில காலைகளில் கீழேயிருந்து, "ஏன்டா இப்படிப் பண்ற? உனக்கு நான் என்ன குறை வச்சேன்?" என்று ஈரலோடு பேசும் குரல் கேட்கிறது. ஆனாலும் அக்காவின் தட்டு இப்போது அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே, அதே நேரத்தில் வைக்கப்படுகிறது.

எனக்குத்தான் சர்க்கரையே இல்லையே என்று நீங்கள் நிம்மதியாக நாற்காலியில் சாய்வது தெரிகிறது. சர்க்கரை எதற்கு? எடை பார்க்கும் மெஷின் போதும். போனில் எத்தனை பேர் நம் படத்தை விரும்பினார்கள் என்ற கணக்கு போதும். பிள்ளையின் மார்க், பங்குச்சந்தை, கிரிக்கெட் ஸ்கோர், எது வேண்டுமானாலும் போதும். கண் விழித்ததும் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு, அதன்படி வீட்டாரிடம் முகத்தைக் காட்டுகிறவர் எவரோ, அவர் இந்த இனம்தான்.

சந்தேகமாக இருந்தால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். "நானும் அப்படியா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, சில நேரம்" என்றார்களானால் கவலையில்லை, பிழைத்துக்கொள்வீர்கள். யோசிக்காமல், உங்கள் முகத்தைப் பார்க்காமல், கேட்டு முடிப்பதற்குள், "சேச்சே, நீங்களா? இல்லவே இல்ல!" என்று பதில் வந்தால்...

நீங்களேதான்.